எந்தப் பக்கத்து இரத்தம்

கொன்ஸ்ரன்ஸ் அக்காவுக்கு மூன்று குரல்கள் இருந்தன. கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கம்பனியில் அவர் தொலைபேசி இயக்குநராக இருந்தார். ஆங்கிலத்தில் பேசும்போது குரல் சற்றுக் கீழிறங்கி, எந்த அவசரமும் இல்லாத ஒருவருடையதாகிவிடும். சிங்களத்தில் இளகி, பக்கத்து வீட்டுக்காரியின் குரலாகும். தமிழில்தான் அவர் அவராகப் பேசுவார். வேகமாக, இடையிடையே சிரித்துக்கொண்டு, கேட்பவர் கேட்டு முடிக்கும் முன்பே பதிலைத் தொடங்கிவிடுவார்.

"மூண்டு பேரை வேலைக்கு வச்சிருக்கிறாங்கள், கதிரை மட்டும் ஒண்டு" என்பார்.

கொட்டாஞ்சேனையில் துறைமுகப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரே முற்றத்தைச் சுற்றிக் கட்டிய சிறு வீடுகளில் நாங்கள் இருந்தோம். அக்காவின் வீடு தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில். எங்களுடையது கடைசி. அவர்கள் கத்தோலிக்கர். நாங்கள் மலையகத்திலிருந்து இறங்கி வந்தவர்கள். என் அப்பா அழகுமுத்து புறக்கோட்டையில் மூட்டை சுமப்பவர். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகத்தை உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள் நான். விலங்கியலில் பட்டம் வாங்கிவிட்டு, நிரந்தர வேலை கிடைக்கும்வரை அதே ஆய்வுகூடத்தில் மாணவர்களுக்குப் பழ ஈக்களை இனம்பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

முற்றத்துக்கு அது விளங்கவில்லை. அக்காவின் அம்மா யோசெப்பின் ஆன்ட்டி மருந்துப் போத்தலோடு வருவார்.

"மகள், நீ டொக்டருக்குத்தானே படிச்சனீ?"

"இல்ல ஆன்ட்டி, விலங்கியல்."

"அதுவும் உடம்புதானே. இதைச் சாப்பாட்டுக்கு முந்தியோ பிந்தியோ எண்டு பார்த்துச் சொல்லு."

மருந்து அக்காவின் தம்பி ஹியூபேட்டுக்கு. அவன் பிறந்தபோதே இரண்டு கண்மணிக்குள்ளும் வெள்ளை படர்ந்திருந்தது. குழந்தையிலேயே சத்திரசிகிச்சை செய்து அதை எடுத்தார்கள். பிறகு சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை, அதனால் எலும்பு வலுக்கவில்லை. பத்தொன்பது வயதில் பன்னிரண்டு வயதுப் பையனின் உயரம். தடித்த கண்ணாடி போட்டிருப்பான். உப்புக் கரிக்கும் மருந்தை நாள்தோறும் குடிக்க வேண்டும். பேச்சு மெதுவாகத்தான் வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை. உலகத்தில் அவனுக்குப் பிடித்தது பஸ். வீட்டு வாசற்படியில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு, தனியார் பஸ் கொண்டக்டரின் தொனியில் கத்துவான்: "மரதானை, பொரளை, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை! இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட!" முன்னுக்குப் போகச் சொல்கிறான். தண்ணீர் எடுக்க வரும் எல்லோரும் அவனிடம் ரிக்கற் வாங்கவேண்டும். கிழித்த கலண்டர்த் தாள்தான் ரிக்கற்.

ஹியூபேட் ஏன் இப்படிப் பிறந்தான் என்பதற்கு அந்த வீட்டில் ஒரு பதில் இருந்தது. அக்காவின் அப்பா இராஜநாயகம் தன் சொந்தத் தாய்மாமன் மகளைக் கட்டியவர். ஒன்றுவிட்ட உறவில் கலியாணம் செய்யக் கத்தோலிக்கருக்குத் திருச்சபையின் அனுமதி வேண்டும். அவர்கள் ஆயர் இல்லத்தில் விதிவிலக்கு வாங்கித்தான் கட்டினார்கள். கட்டியதன் பலன் பிள்ளையில் தெரிந்துவிட்டது, கிட்டிய இரத்தம் கலந்துவிட்டது என்று இருவரும் சொல்லிவந்தார்கள். இராஜநாயகம் மாமா இருதய வருத்தத்தில் இறந்துபோனார். அதற்குப் பிறகு யோசெப்பின் ஆன்ட்டி ஒரு முடிவில் இறுகிப்போனார்: மகளைச் சொந்தத்துக்குள் கொடுப்பதில்லை.

அந்த முடிவில் அடிபட்டவர் கிளெமென்ற். இராஜநாயகம் மாமாவின் தங்கை மேபலின் மகன், அதாவது அக்காவின் மச்சான். பாமன்கடையில் தாயோடு இருந்தார். மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் திருத்துவது அவருடைய வேலை. அவர் அக்காவைக் கேட்டார், ஆன்ட்டி மறுத்துவிட்டார். மேபல் மாமியும் அண்ணன் வீட்டில் பட்டது போதும் என்று ஆன்ட்டியின் பக்கமே நின்றார். கிளெமென்ற் கோபிக்கவில்லை, வேறு பெண்ணும் பார்க்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் வந்து ஹியூபேட்டைப் பஸ்ஸில் ஏற்றி, கடைசித் தரிப்பிடம் வரை கூட்டிக்கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார். அது பெரிய மின்வெட்டு வருடம். "கரண்ட் போனா மற்றவை மெழுகுதிரியைத் தேடுவினம். கொழும்பு முழுக்க என்னைத் தேடுது" என்று சொல்லிக்கொண்டு வருவார்.

அந்த வருடம் வெள்ளவத்தையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை காப்புறுதிக் கம்பனியில் வேலை. உறவே இல்லை. ஆன்ட்டிக்கு அதுதான் பெரிய தகுதி. அவர்கள் வந்து அமர்ந்ததும் ஹியூபேட் கலண்டர்த் தாளோடு மாப்பிள்ளையின் முன்னால் போய் நின்றான்.

"கொஹெட்டத?" எங்கே போகிறீர்கள் என்று கேட்டான்.

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டு, "வெள்ளவத்தைக்கு" என்றார்.

"இது மட்டக்குளி பஸ். பிழையா ஏறிட்டீங்கள். இறங்குங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் தாய் மட்டும் சிரிக்கவில்லை. பலகாரத் தட்டை மெதுவாகத் தள்ளிவைத்துவிட்டு, "குறை நினைக்கக்கூடாது. இது பரம்பரையோ?" என்று கேட்டார்.

"ஐயோ இல்லை" என்றார் ஆன்ட்டி. "நாங்கள் சொந்தத்துக்குள்ள கட்டினது. அதால வந்தது. உங்களுக்கு அந்தப் பயமே தேவையில்லை."

அந்தத் தாய் நிம்மதியாகிவிட்டார். அக்கா நிம்மதியாகவில்லை. அடுத்தநாள் குழாயடியில் என் வாளி நிரம்பும்வரை காத்திருந்து கேட்டார்.

"லெட்சுமி, அம்மா அவைக்குச் சொன்னது சரியோ?"

"எது அக்கா?"

"சொந்தத்துக்குள்ள கட்டினதாலதான் எண்டது. நான் வெளியில கட்டினா ஒண்டும் வராது எண்டது. சிறுவர் ஆஸ்பத்திரியில வருத்தத்தின்ர பேர் லோ எண்டு சொன்னவை. அப்பாவுக்கு ஆரோ இங்கிலிசில விளங்கப்படுத்தினவை. அப்பா தலையை ஆட்டிப்போட்டு வந்திட்டார். நீ பார்த்துச் சொல்லு. சரியெண்டா நான் அந்த மனிசனைக் கட்டுறன். பிழையெண்டா, ஒருத்தரையும் ஏமாத்திக் கட்டமாட்டன்."

பல்கலைக்கழக நூலகத்தில் அதைத் தேடிப் படித்தேன். லோ என்பது அந்த வருத்தத்தை முதலில் விவரித்த மருத்துவர்களில் ஒருவரின் பெயர். கண்ணில் வெள்ளை, சிறுநீரகம், மெலிந்த எலும்பு, மெதுவான பேச்சு, எல்லோருடனும் ஒட்டிக்கொள்ளும் குணம். ஹியூபேட்டைப் பார்க்காமலே ஹியூபேட்டை எழுதியிருந்தார்கள். அதற்குக் காரணமான பரம்பரையலகைச் சில வருடங்களுக்கு முன்னர்தான் கண்டுபிடித்திருந்தார்கள். அதன் பெயர் ஓ.சி.ஆர்.எல்.

அக்காவுக்கு எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். பரீட்சையில் இதே கேள்விக்கு ஈக்களை வைத்து எழுதி நல்ல புள்ளி வாங்கியிருக்கிறேன். அந்த ஈக்களுக்கு அம்மாவும் மச்சானும் இருக்கவில்லை. இதைச் சொல்ல நான் யார்? சொல்லாமல் வைத்திருக்கத்தான் நான் யார்? வழி கடைசியில் ஹியூபேட்டிடமிருந்தே கிடைத்தது.

"அக்கா, நம்ம உடம்புல இருக்கிற கலம் ஒவ்வொண்ணும் ஒரு ஊர் மாதிரி" என்றேன். "உள்ளுக்குள்ள சாமான் ஏத்திக்கிட்டு பஸ் ஓடுது. எந்த பஸ் எங்க போகுதுன்னு முன்னால ஊர்ப் பேர் எழுதின போட் இருக்கில்ல? அந்த போட், கலத்தோட தோல்ல இருக்கிற ஒருவகை கொழுப்பு. கடைசி ஸ்டாண்டுக்கு வந்ததும் பழைய போட்டை மாத்தணும். மாத்துறது ஒரு நொதியம், என்சைம். அந்த நொதியத்தை செய்யிற பரம்பரையலகு ஹியூபேட்டுக்கு வேலை செய்யல."

"போட் மாத்தாட்டி?"

"பஸ் ஓடும். பிழையான இடத்துக்கு போகும். சிறுநீரகம் உள்ள வச்சிருக்க வேண்டியது வெளிய போயிடும்."

வாசற்படியிலிருந்து ஹியூபேட் தலையை நீட்டினான். "போட் மாத்தாட்டி சனம் ஏசும்" என்றான்.

"ஓம் ராசா, ஏசும்" என்ற அக்கா என் பக்கம் திரும்பினார். "சரி. அது ஆரால வந்தது?"

அதைச் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அந்தப் பரம்பரையலகு எக்ஸ் என்ற நிறமூர்த்தத்தில், அதாவது குரோமோசோமில், இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானால் மற்றது சமாளித்துக்கொள்ளும். ஆணுக்கு ஒன்றுதான். ஆகவே பழுதைத் தாய் தன்னிடம் தெரியாமலே வைத்திருந்து மகனுக்குக் கொடுக்கலாம். சில வீடுகளில் அது அந்தப் பிள்ளையிலேயே புதிதாகவும் தொடங்கலாம். தாயிடம் இருந்தால், மகளிடமும் இருக்க அரைவாசி வாய்ப்பு. அவளுக்குப் பிறக்கும் மகன் ஒவ்வொருவனுக்கும் மறுபடி அரைவாசி. இந்த வருத்தத்தைப் பொறுத்தவரை, கட்டுகிறவர் மச்சானாக இருந்தாலும் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் கணக்கு ஒன்றேதான்.

அக்கா குழாயை இறுக்கி மூடினார். பிறகு, "அப்ப கிளெமென்ற்றைச் சும்மா திருப்பி அனுப்பினதோ?" என்றார். தன்னைப் பற்றி அதற்குப் பிறகுதான் கேட்டார். "என்னட்ட இருக்கோ எண்டு எப்படிப் பாக்கிறது? இரத்தம் குடுக்கவேணுமோ?"

"அந்த டெஸ்ட் இங்க இல்லக்கா. ஆனா கண்ணுல பாக்கலாம். அது இருக்கிற பொம்பளைங்களுக்கு கண்வில்லையில சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி இருக்குமாம். பார்வைக்கு ஒரு குறையும் வராது. கண் டொக்டர் மெசின்ல பாத்தா அனேகமா தெரியும். ஆன்ட்டியையும் பாக்கணும்."

ஆன்ட்டி முதலில் மறுத்தார். "எனக்கேன்? எனக்குக் கண் நல்லாத் தெரியுதே. ஊசியில நூல் கோக்கிறன்."

"ஊசி இல்லை அம்மா பிரச்சினை" என்றார் அக்கா. "வாங்கோ."

யூன் மாதத்தில் ஒருநாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஜனவரியில் கோட்டையில் குண்டு வெடித்தபோது கண்ணாடித் துண்டுகள் பட்டவர்கள் இன்னும் கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்தார்கள். வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் ஒரு கண்ணை மூடிக் கட்டியிருந்தார். மற்றக் கண்ணால் பத்திரிகையின் குறுக்கெழுத்தை நிரப்பிக்கொண்டு, இடைக்கிடை என்னிடம் சொல் கேட்டார். அவருக்குப் பக்கத்தில் நல்ல கண்களோடு வந்து இருப்பதற்கு ஆன்ட்டி கூச்சப்பட்டார்.

டொக்டர் பஹ்மியா இளம் வயதுக்காரர், அமைதியானவர். நான் எழுதிக்கொண்டு போயிருந்ததைப் பார்த்துவிட்டு, "இத நான் புத்தகத்துலதான் படிச்சிருக்கேன். பாப்பம்" என்றார். இருவருக்கும் கண்மணி விரியும் மருந்தை விட்டார்கள். விரிந்த பிறகு ஆன்ட்டியை முதலில் கூப்பிட்டார். "தாடைய இதுல வைங்க உம்மா. நெத்திய ஒட்டி வைங்க. பயப்பட ஒண்ணுமில்ல, வெளிச்சம் மட்டுந்தான்."

கருவியிலிருந்து மெல்லிய கீற்றாக ஒளி ஆன்ட்டியின் விழியில் விழுந்தது. டொக்டர் நீண்ட நேரம் பார்த்தார். பிறகு எழுந்து எனக்கு இடம் விட்டார்.

நான் பார்த்தேன். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த வீடுகளின் சன்னற் கண்ணாடியில் உப்புக் காய்ந்திருக்குமே, அதுபோல நடுவிலிருந்து ஓரத்துக்கு வெள்ளைத் துகள்கள் சிதறியிருந்தன. படித்தது கண்முன்னே இருந்ததில் எனக்கு ஒரு மகிழ்ச்சி எழுந்தது. அடுத்த கணமே அந்த மகிழ்ச்சியை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

அக்காவுக்கும் இருந்தன. குறைவாக, ஆனால் தெளிவாக.

டொக்டர் தமிழில் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். இது வருத்தம் இல்லை, இதனால் பார்வை போகாது, கலியாணம் கட்டக்கூடாது என்று எவரும் சொல்லமுடியாது, பிள்ளை விடயத்தில் யோசித்து முடிவெடுக்க வேண்டும். அக்கா தன் தொலைபேசிக் குரலில், "விளங்கிச்சு டொக்டர். தேங்க் யூ" என்றார். ஆன்ட்டி தன் கைப்பையின் சிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது எங்கள் பகுதிக்குள் நுழையும் இடத்தில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். பொலிஸ்காரர் அக்காவிடம், "நங்கி, ஐ.சீ. எக்க" என்று கையை நீட்டினார். மருந்து விட்ட கண்ணுக்குக் கிட்ட உள்ளது எதுவும் தெரியாது. அக்கா பைக்குள் துழாவி, அடையாள அட்டையென்று நினைத்து மாதாவின் படத்தைக் கொடுத்தார்.

பொலிஸ்காரர் படத்தைப் பார்த்தார். பிறகு அக்காவின் கண்களைப் பார்த்தார். கருமணி முழுக் கண்ணுக்கும் விரிந்திருந்தது. முகம் மாறியது. "அஸ் தெக்கட்ட மொகத வுனே?" கண்களுக்கு என்ன நடந்தது என்றார்.

"பெஹெத் தம்மா, மஹத்தயா" என்றார் அக்கா, மருந்து விட்டது என்று, அந்தப் பக்கத்து வீட்டுக் குரலில். நான் கிளினிக் அட்டையை நீட்டினேன்.

"எதகொட்ட மாவ பேனவாத?" அப்படியானால் என்னைத் தெரிகிறதா?

"போந்தவெலா." மங்கலாகத்தான்.

பொலிஸ்காரர் தொப்பியைச் சரிசெய்தார். "ஹொந்தய். எஹெனம் மங் லஸ்ஸனய்." நல்லது, அப்படியென்றால் நான் அழகன்தான்.

வரிசையே சிரித்தது. அக்காவும் சிரித்தார். மாதா படத்தைத் திருப்பிக் கொடுத்து எங்களைப் போகவிட்டார்கள். பஸ்ஸில் ஏறி அமர்ந்த பிறகு அக்காவின் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. "வெளிச்சம் கூசுது" என்றார். நான் நம்பினேன் என்று காட்டிக்கொண்டேன்.

வெள்ளவத்தைச் சம்பந்தத்தை அக்கா தானே தொலைபேசியில் நிறுத்தினார். காரணத்தையும் சொன்னார். அடுத்த ஞாயிறு கிளெமென்ற் வந்தபோது அக்கா அவரோடு முற்றத்தில் வைத்தே பேசினார். நான் துணி காயப்போட்டுக்கொண்டு நின்றேன். விலகப் போனவளை, "நில்லு, நான் பிழையாச் சொன்னா திருத்து" என்று மறித்தார். ஒன்றும் பிழையாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு மகனுக்கும் அரைவாசி வாய்ப்பு என்பது வரை சொல்லி முடித்தார்.

கிளெமென்ற் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "லிஃப்ட் இடையில நிண்டா உள்ளுக்கு இருக்கிற ஆள் முதல்ல எப்ப திறக்கும் எண்டுதான் கத்தும். எனக்கும் தெரியாது. நான் வெளியில நிக்கிறன், போகமாட்டன் எண்டு சொல்லுவன். அரைவாசிச் சத்தம் அதிலயே அடங்கிடும்."

"என்னை லிஃப்ட் எண்டோ சொல்லுறீங்கள்?"

"இல்லை. நீர் உள்ளுக்கு இருக்கிற ஆள்."

அக்கா சிரிக்காமலிருக்கப் பார்த்தார், முடியவில்லை. உடனே முகத்தை நேராக்கிக்கொண்டார். "எனக்கு ஒரு கொண்டிசன் இருக்கு. பிள்ளை பெறுறதோ இல்லையோ எண்டு நாங்கள் ரெண்டுபேரும் ஆறுதலா யோசிப்பம். ஆனா வேற ஒருத்தரும் கேக்கக்கூடாது. முக்கியமா உங்கட அம்மா. மாமி ஒருநாள் கேட்டாலும் நான் ஹியூபியைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்திடுவன்."

"அம்மா கேக்காமல் இருப்பாவோ?" என்று கிளெமென்ற் தலையைச் சொறிந்தார். "அதைவிட முதல் பிரச்சினை ஒண்டு இருக்கு. சொந்தத்துக்குள்ள கட்டினதால வரேல்லை எண்டு நான் சொன்னா, அப்ப என்னத்தால எண்டு கேப்பா. உண்மையைச் சொன்னா, முழுக்க உம்மட அம்மாவின்ர தலையில வந்து விழும். இவ்வளவு காலமும் ரெண்டு பக்கமும் பங்குபோட்டுச் சுமந்தது."

நான் யோசித்தேயிராத பக்கம் அது. பிழையான பதிலுக்கும் ஒரு வேலை இருந்திருக்கிறது. அது எவரையும் தனியாக விட்டிருக்கவில்லை.

"அப்ப விடுங்கோ" என்றார் அக்கா கடைசியில். "அம்மாவை விலையாக் குடுத்து எனக்குக் கலியாணம் வேண்டாம்."

உள்ளேயிருந்து ஆன்ட்டி எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். அடுத்தநாள் காலை வெளிக்கிட்டு, கையில் குடையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். "மகள், உனக்கு இண்டைக்கு வேலை இல்லைத்தானே? என்னோட பாமன்கடை மட்டும் வா. இந்த சயன்சை எனக்குச் சொல்ல வராது."

மேபல் மாமி வீட்டில் கரண்ட் இல்லை. சன்னலோரம் இருந்து ஒரு தட்டையான அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். ஆன்ட்டியைக் கண்டதும் கை நின்றது.

"என்ன யோசெப்பின், அதிசயம்! ஈஸ்டருக்கே வராத ஆள்."

"மச்சாள், ஹியூபியின்ர வருத்தம் உங்கட பக்கத்தால வரேல்லை" என்றார் ஆன்ட்டி, அமருவதற்கு முன்னரே. "நாங்கள் சொந்தத்தில கட்டினதாலயும் இல்லை. என்ர பக்கத்தால. என்ர கண்ணில புள்ளி இருக்கு, டொக்டர் பார்த்தவ."

மேபல் மாமி என்னைப் பார்த்தார். நான் பஸ், போட், நொதியம் எல்லாவற்றையும் சொன்னேன். முன்பு சொன்னதைவிட மோசமாகத்தான் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "சரி, கண்ணுக்குள்ள இருந்தது உனக்கெப்படித் தெரியும்? நீ என்ன செய்வாய்?" என்றார் மாமி ஆன்ட்டியிடம்.

அந்த இடத்தில் நாங்கள் எழுந்து வந்திருக்கலாம். ஆன்ட்டி எழவில்லை.

"எனக்கொரு தம்பி இருந்தவன். நாங்கள் மன்னாரில இருக்கேக்க."

"தெரியும். காய்ச்சலில செத்த பிள்ளை."

"காய்ச்சல்தான். ஆனா கண் வெள்ளையாப் பிறந்தவன். தலை நிக்கேல்லை. கொழும்புக்கு அதைச் சொல்லவேண்டாம் எண்டு அம்மா சொன்னவ. எனக்குப் பிறகு கலியாணம் வரவேணுமே. ஹியூபி பிறந்து, நேர்ஸ் கொண்டுவந்து காட்டின உடன நான் தம்பியைத்தான் கண்டன். பிறகு உங்கட அண்ணன், நாங்கள் சொந்தத்தில கட்டினதுதான் பிழை எண்டு சொன்னார். நான் ஓம் எண்டு சொன்னன். அப்படியே இருந்திட்டன்."

அட்டை மாமியின் மடியில் கிடந்தது. வெளியே மீன்காரன் சைக்கிளில் கூவிக்கொண்டு போனான்.

"அண்ணனுக்குத் தெரியாதோ?"

"தெரியாது."

"அவர் தன்ர இரத்தம்தான் கூடாதெண்டு சொல்லிச் சொல்லியே செத்தவர் யோசெப்பின்."

"ஓம்."

என்னால் தாங்க முடியவில்லை. "ஆன்ட்டி, இது யாரோட தப்பும் இல்ல. யாராலயும்..."

"நீ பேசாம இரு பிள்ளை" என்றார் மேபல் மாமி, கோபமில்லாமல். "அது உன்ர புத்தகத்தில. இது எங்கட வீட்டில."

எழுந்து குசினிக்குப் போனார். பாத்திரச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரே ஒரு தேநீர்க் கோப்பை. அதை என்னிடம் கொடுத்தார். அதை நான் குடிப்பதா வைப்பதா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"கொன்ஸ்ரன்சுக்கும் இருக்கோ?"

"இருக்கு."

"தம்பியின்ர கதையை நீ சொல்லாமல் விட்டிருந்தா நான் கண்டுபிடிச்சிருப்பனோ?"

"இல்லை."

"பிறகேன் சொன்னனீ?"

"அவள் சொல்லாமல் கட்டமாட்டாளாம். என்னைக் காட்டிக்குடுத்தும் கட்டமாட்டாளாம். நான் வேற என்ன செய்ய?" ஆன்ட்டி குடையை எடுத்துக்கொண்டார். "கிளெமென்ற் அவளைக் கேட்டிருக்கிறான். அவள் ஒண்டுதான் கேக்கிறாள். பிள்ளையைப் பற்றி நீங்கள் வாய் திறக்கக்கூடாதாம். ஒருநாளும்."

"நானோ?" என்றார் மேபல் மாமி. "என்னாலயோ?"

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஆன்ட்டி, "தேத்தண்ணி தரமாட்டா எண்டு தெரியும்" என்றார்.

அந்த ஞாயிறு கிளெமென்ற் வரவில்லை. வாசற்படியில் ஹியூபேட் வெகுநேரம் தொங்கிக்கொண்டு நின்றான். அக்கா அன்றைக்கு வீட்டிலிருந்த திரைச்சீலை எல்லாவற்றையும் கழற்றித் தோய்த்தார், அழுக்கில்லாதவற்றையும் தோய்த்தார். அதற்கடுத்த ஞாயிறு, பூசை முடிந்து சனம் கலையும் நேரத்தில், ஒழுங்கையில் கிளெமென்ற்றும் மேபல் மாமியும் வந்தார்கள். மாமி ஆன்ட்டியைப் பார்க்கவில்லை. நேரே அக்காவிடம் போனார்.

"எங்க, காட்டு."

"என்னத்தை மாமி?"

"கண்ணை."

அக்காவின் தாடையைப் பிடித்து முற்றத்து வெயிலுக்குத் திருப்பினார். ஒரு கண்ணைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார். ஹியூபேட் இடையில் தலையை நுழைத்துத் தானும் பார்த்தான்.

"எனக்கொண்டும் தெரியேல்லை" என்றார் மாமி.

"அது மெசினிலதான் தெரியும் மாமி."

"என்னட்ட மெசின் இல்லை. எனக்குத் தெரியாத ஒண்டைப் பற்றி நான் என்னத்தைக் கதைக்கிறது?" தாடையை விட்டார். "கதைக்கமாட்டன். போதுமோ?"

அக்காவால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பதிலை முந்திக்கொண்டு தொடங்குகிற ஆள் அவர். கிளெமென்ற் சுவரில் சாய்ந்துகொண்டு வேறெங்கோ பார்த்தார். மாமி முன்வாசற் கதிரையில் அமர்ந்து, முதன்முறையாக ஆன்ட்டியின் பக்கம் திரும்பி, "தாகமாக் கிடக்கு" என்றார். ஆன்ட்டி உள்ளே ஓடினார்.

கிறிஸ்மசுக்குப் பிறகு கலியாணம் நடந்தது. ஹியூபேட்டும் ஆன்ட்டியும் கொட்டாஞ்சேனையிலேயே இருக்க, கிளெமென்ற்தான் அங்கே வந்து குடியேறினார். மேபல் மாமி அடிக்கடி வந்து போனார். எல்லாவற்றையும் பற்றிப் பேசினார், சோதனைச் சாவடி, அரிசி, குருவானவரின் பிரசங்கம், அக்காவின் கறியில் உப்பு. அந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசவில்லை. சில நாட்களில் வாய்வரை வந்து, சட்டென்று எழுந்து பாத்திரம் கழுவப் போவதை நான் கண்டிருக்கிறேன்.

அவர்கள் இருவரும் என்ன முடிவெடுத்தார்கள் என்று அறிய எனக்கும் ஆசைதான். அரைவாசி, கால்வாசி என்று எழுதிப் பழகியவள் நான், விடையைப் பார்க்காமல் தாளை மூடத் தெரியாதவள். குழாயடியில் அக்காவோடு எத்தனையோ காலைகள் நின்றிருக்கிறேன். ஒருநாளும் கேட்டதில்லை.